எலிக்கு முடி முளைச்சாச்சு... நமக்கு எப்போ? சொட்டைக்கான புது மருந்துகள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன?

மாதத்துக்கு ஒருமுறையாவது உங்கள் போனில் இந்தச் செய்தி வந்துவிடும். 'சொட்டைக்கு நிரந்தரத் தீர்வு... விஞ்ஞானிகள் சாதனை!' கீழே, முதுகில் புசுபுசுவென்று முடி வளர்ந்த ஓர் எலியின் படம். நண்பர் ஒருவர் உங்களை அதில் டேக் செய்து, நாலு சிரிப்பு எமோஜியும் போட்டிருப்பார். நீங்களும் பதிலுக்குச் சிரிச்சுட்டு, யாரும் பார்க்காத நேரத்துல அந்த லிங்க்கை சேவ் பண்ணி வெச்சிருப்பீங்க.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருபத்து நாலு, இருபத்தைந்து வயதில் முன்நெற்றி ஏற ஆரம்பித்தால், குரூப் போட்டோவில் பின்வரிசைக்குப் போவது, வீட்டுக்குள்ளும் தொப்பி போடுவது, வரன் பார்க்க அனுப்பும் போட்டோவுக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தைத் தேடுவது எல்லாம் நடக்கத்தான் செய்கிறது. சிக்கல், 'அதான் புது மருந்து வரப்போகுதே, வந்ததும் பார்த்துக்கலாம்' என்று காத்திருக்கும்போதுதான் தொடங்குகிறது. ஏனென்றால், வரப்போகிற மருந்துகளும் பெரும்பாலும் உங்கள் தலையில் இன்னும் மிச்சமிருக்கும் வேர்க்கால்களை நம்பித்தான் உருவாகின்றன.

சொட்டைக்குள் என்ன நடக்கிறது?

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடங்கள் வளரும், சில மாதங்கள் ஓய்வெடுக்கும், உதிரும், அதே வேர்க்காலில் இருந்து மறுபடி முளைக்கும். இதனால் தினமும் 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. பாத்ரூம் தரையைப் பார்த்து எண்ண வேண்டாம்.

மரபுவழி வழுக்கையில் நடப்பது வேறு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், ஒரு நொதியின் உதவியால் டி.ஹெச்.டி. என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாறுகிறது. முன்தலையிலும் உச்சந்தலையிலும் இருக்கும் சில வேர்க்கால்களுக்கு இந்த டி.ஹெச்.டி. ஒத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிக் காலம் குறைகிறது, வேர்க்கால் சுருங்குகிறது. தடித்த முடி மெல்லியதாகி, கடைசியில் பூனைமுடி மாதிரி ஆகிவிடுகிறது. பின்தலையில் உள்ள வேர்க்கால்கள் டி.ஹெச்.டி-யைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால்தான் தாத்தாக்களுக்கு உச்சி பளபளத்தாலும், பின்பக்கம் ஒரு வட்டம் பத்திரமாக இருக்கிறது.

ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்துதான் இதைச் செய்கின்றன என்பதை 1942-லேயே ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் காட்டிவிட்டார். பருவம் எட்டும் முன்பே விதைப்பை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி போக ஆரம்பித்தது. 'தாய்மாமன் தலையைப் பாரு, உன் தலை தெரியும்' என்பதில் பாதி உண்மை உண்டு. முக்கியமான ஒரு மரபணு, அம்மாவிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனா, 2017-ல் பிரிட்டனில் 52,000 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், வழுக்கையோடு தொடர்புடைய 287 மரபணுப் பகுதிகள் கிடைத்தன. மாமாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஹெல்மெட்டையும் உப்புத் தண்ணீரையும் கூட இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நம்பிக்கை தரும் ஒரு விஷயம். 2011-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே ஆணின் தலையில் வழுக்கை விழுந்த இடத்தையும் முடி உள்ள இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் சொட்டையிலும் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தன! அவை அடுத்த கட்ட செல்களாக மாறுவதுதான் நின்றுபோயிருந்தது. செல்கள் சாகவில்லை, தூங்குகின்றன. இன்று நடக்கும் பல ஆராய்ச்சிகள், இவற்றை எழுப்புவது எப்படி என்ற கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

ஓர் அல்சர் மருந்தும் ஒரு கரீபியக் கிராமமும்

ஆண் வழுக்கைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்து, இன்று உலகம் முழுக்கப் புழங்கும் மருந்துகள் இரண்டே இரண்டு. மினாக்சிடில் 1988-ல் வந்தது, ஃபினாஸ்டரைடு 1997-ல் வந்தது. அதற்குப் பிறகு ஸ்மார்ட்போன் வந்து, 5ஜி வந்து, ஏ.ஐ-யும் வந்துவிட்டது. சொட்டை மட்டும் அங்கேயே நிற்கிறது. இன்னொரு வேடிக்கை, இந்த இரண்டுமே முடிக்காகத் தேடிக் கண்டுபிடித்தவை அல்ல.

மினாக்சிடிலின் பயணம் அல்சருக்கு மருந்து தேடியதில் தொடங்கியது. அல்சர் ஆறவில்லை, ரத்தக்குழாய்கள் விரிந்தன. சரி, ரத்த அழுத்தத்துக்குப் பயன்படுத்தலாம் என்று சோதித்தபோது, நோயாளிகளுக்கு முகத்திலும் கையிலும் முடி வளர ஆரம்பித்தது. கொலராடோவில் இந்தச் சோதனையைக் கவனித்த குந்தர் கான் என்ற தோல் மருத்துவரும், அவருடைய சகா பால் கிராண்டும் 1971-ல் மருந்தைக் கரைசலாக்கித் தங்கள் உடம்பிலேயே தடவிப் பார்த்தார்கள். முளைத்தது. காப்புரிமை யாருக்கு என்று அப்ஜான் நிறுவனத்தோடு அவர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட வேண்டியிருந்தது தனிக்கதை.

ஃபினாஸ்டரைடின் கதை டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் போலத் தெரிந்து, பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆணுடல் பெற்றார்கள். 1974-ல் ஜூலியான் இம்பராட்டோ-மெக்கின்லி என்ற ஹார்மோன் மருத்துவர் இதன் காரணத்தை வெளியிட்டார். டெஸ்டோஸ்டிரோனை டி.ஹெச்.டி-யாக மாற்றும் நொதி அவர்களிடம் பிறவியிலேயே குறைவு. அந்த ஆண்களுக்கு வயதானாலும் ப்ராஸ்டேட் சுரப்பி பெருக்கவில்லை, முன்நெற்றியும் ஏறவில்லை. மெர்க் நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டு அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை உருவாக்கியது. 1992-ல் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரை, 1997-ல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரை.

இரண்டும் எந்த அளவுக்கு வேலை செய்கின்றன? ஃபினாஸ்டரைடு சோதனையில் இரண்டு வருட முடிவில், மருந்து எடுத்தவர்களில் 83% பேருக்கு இருந்த முடி குறையவில்லை. மருந்தே இல்லாத டம்மி மாத்திரை, அதாவது ப்ளேசிபோ எடுத்தவர்களில் அது 28% மட்டுமே. கவனியுங்கள், 'குறையவில்லை' என்பதுதான் முதல் வெற்றி. கல்லூரி முதல் வருட ஐ.டி. கார்டில் இருக்கும் முடி திரும்பி வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இரண்டு மருந்துக்கும் பொதுவான இன்னொரு நிபந்தனை, நிறுத்தினால் கிடைத்த பலனும் சில மாதங்களில் போய்விடும்.

ஃபினாஸ்டரைடு பயம் நியாயமானதா?

யூடியூபில் இந்த மருந்தின் பெயரைத் தட்டினால், 'என் வாழ்க்கையே போச்சு' என்ற வீடியோவும் 'பத்து வருஷமா சாப்பிடறேன், ஒண்ணும் ஆகல' என்ற வீடியோவும் அடுத்தடுத்து வரும். எதை நம்புவது?

ஆரம்பகட்டச் சோதனைகளில், பாலியல் ஆர்வக் குறைவு, விறைப்புப் பிரச்னை போன்ற ஏதாவது ஒன்றைச் சொன்னவர்கள் மருந்து எடுத்த குழுவில் 3.8%, ப்ளேசிபோ குழுவில் 2.1%. அதாவது டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அந்தப் பிரச்னை வந்திருக்கிறது. மனசு இதில் எவ்வளவு விளையாடுகிறது என்பதை 2007-ல் இத்தாலியில் சோதித்தார்கள். ப்ராஸ்டேட் நோயாளிகள் அனைவருக்கும் 5 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு தரப்பட்டது. பக்கவிளைவு பற்றி முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் சுமார் 44% பேர் பாலியல் பிரச்னை இருப்பதாகச் சொன்னார்கள். சொல்லப்படாதவர்களில் சுமார் 15%. மாத்திரை ஒன்றேதான்.

இதை வைத்து 'எல்லாம் மனப்பிராந்தி' என்று சில கிளினிக்குகள் சொல்லி அனுப்பிவிடுகின்றன. அது தவறு. மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு இந்தப் பிரச்னைகள் தொடர்ந்ததாக வந்த புகார்களை, 2012-ல் எஃப்.டி.ஏ. மருந்துச் சீட்டிலேயே சேர்த்தது. 2025-ல் ஐரோப்பிய மருந்து அமைப்பு, தற்கொலை எண்ணத்தை ஃபினாஸ்டரைடு மாத்திரையின் பக்கவிளைவாக உறுதிப்படுத்தியது. எவ்வளவு பேருக்கு வரும் என்பது தெளிவாகவில்லை, ஆனால் எச்சரிக்கை உண்மையானது. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே சிகிச்சை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சாப்பிடும்போது மனநிலை மாறினால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவரைப் பாருங்கள். நண்பன் வாங்கும் அட்டையில் இருந்து பாதி வாங்கிச் சாப்பிடும் மாத்திரை இல்லை இது. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால், உடைந்த மாத்திரையை அவர் தொடக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் அதன் வளர்ச்சியை இந்த மருந்து பாதிக்கலாம்.

புது மருந்தைத் தேடி உலகம் ஏன் இவ்வளவு பணம் கொட்டுகிறது என்பதற்கான விடையும் இந்தப் பயத்தில்தான் இருக்கிறது. உடம்பு முழுக்க ஹார்மோனைத் தொடாமல், தலையில் மட்டும் வேலை செய்யும் மருந்து வேண்டும்.

வரிசையில் நிற்பவர்கள்

இப்போதைக்கு வரிசையில் முன்னால் நிற்பது கிளாஸ்கோட்டெரோன். இது டி.ஹெச்.டி-யைக் குறைப்பதில்லை. டி.ஹெச்.டி. ஒரு சாவி, வேர்க்காலில் இருக்கும் ஏற்பி ஒரு பூட்டு என்று வைத்துக்கொண்டால், இந்த மருந்து முந்திப்போய் அந்தப் பூட்டுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. தோலைத் தாண்டி உள்ளே போனால் சீக்கிரமே சிதைந்துவிடும் என்பதால், உடம்பின் மற்ற ஹார்மோன் வேலைகளைத் தொந்தரவு செய்யாது என்பது எதிர்பார்ப்பு. இதன் 1% க்ரீம், 2020-லேயே அமெரிக்காவில் முகப்பருவுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டது. தலையில் தடவும் 5% கரைசலின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவுகளை, காஸ்மோ நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. இரண்டு பெரிய சோதனைகள். ஒன்றில் ப்ளேசிபோவைவிட 539% முன்னேற்றம், இன்னொன்றில் 168%.

539 சதவிகிதமா! என்று துள்ளுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. ப்ளேசிபோ தடவியவர்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 2 முடி கூடியது என்று சும்மா வைத்துக்கொள்வோம். மருந்து தடவியவர்களுக்கு சுமார் 13 முடி கூடினாலே அது '539% அதிகம்'தான். அடர்த்தியான தலையில் அதே இடத்தில் 200 முடி வரை இருக்கும். இந்த எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை. ஆனால் சதவிகிதத்தைப் பார்த்தால் 'எதைவிட?' என்று கேட்கும் பழக்கம் முடி விஷயத்தில் ரொம்பவே அவசியம். ஒரே மருந்துக்கு இரண்டு சோதனையில் இவ்வளவு வித்தியாசம் வரக் காரணமே, கீழே இருக்கும் ப்ளேசிபோ எண் சிறியதாக இருந்தால் மேலே சதவிகிதம் எகிறிவிடும் என்பதுதான். மருந்து வேலை செய்கிறது, அது நல்ல செய்தி. அதிசயம் என்று சொல்வதற்குத்தான் முழு எண்கள் வேண்டும்.

அடுத்தது பி.பி.405. இது தூங்கும் ஸ்டெம் செல்களை நேரடியாக எழுப்பப் பார்க்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேர்க்கால் ஸ்டெம் செல்கள் சக்தியை உருவாக்கும் விதம் மற்ற செல்களைவிட வித்தியாசமாக இருப்பதை 2017-ல் காட்டினார்கள். சர்க்கரையில் இருந்து வரும் ஒரு பொருளை, செல்லின் 'பவர் ஹவுஸ்' ஆன மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகவிடாமல் தடுத்தால், அது லாக்டேட்டாக மாறி, செல் விழித்துக்கொள்கிறது. ஹார்மோனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெலாஜ் என்ற நிறுவனம் 78 பேரிடம் நடத்திய சோதனையில், முடி இழப்பு அதிகமாக இருந்த ஆண்களில் 31% பேருக்கு எட்டு வாரத்தில் முடி அடர்த்தி 20 சதவிகிதத்துக்கு மேல் கூடியது. ப்ளேசிபோ குழுவில் ஒருவருக்குக்கூட இல்லை. எட்டு வாரத்துக்கு இது ஆச்சர்யமான வேகம். ஆனா 78 பேர் என்பது ஒரு கல்யாண வேனில் ஏறும் கூட்டத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆயிரக்கணக்கானவர்களிடம் மாதக்கணக்கில் சோதித்த பிறகுதான் மிச்சக் கதை தெரியும்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது மச்ச ஆராய்ச்சி. சிலருக்கு மச்சத்தில் மட்டும் நீளமாகத் தடித்த முடி வளரும், பார்த்திருப்பீர்கள். நம் வீட்டில் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் மாக்சிம் ப்ளிகஸ் குழு, 'ஏன் அங்கே மட்டும்?' என்று கேட்டது. மச்சத்தில் இருக்கும் வயதான நிறமி செல்கள் ஆஸ்டியோபான்டின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன, அது பக்கத்து வேர்க்காலின் ஸ்டெம் செல்களைத் தட்டி எழுப்புகிறது என்று 2023-ல் வெளியிட்டார்கள்.

வரிசையில் நின்று விழுந்தவர்களையும் சொல்ல வேண்டும். வழுக்கைத் தலையில் ஒரு ப்ரோஸ்டாகிளாண்டின் அதிகமாக இருப்பதை 2012-ல் கண்டுபிடித்தபோது, 'வில்லன் சிக்கிட்டான்' என்று தலைப்புச் செய்திகள் பறந்தன. அதைத் தடுக்கும் செட்டிபிப்ரான்ட் என்ற மாத்திரையை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடி வளரவில்லை. கிளாஸ்கோட்டெரோன் போலவே பூட்டை அடைக்கும் சீன மருந்து ஒன்று, 2023-ல் மூன்றாம் கட்டச் சோதனையில் ப்ளேசிபோவைத் தெளிவாக ஜெயிக்க முடியாமல் நின்றது.

எலியை நம்பலாமா?

ஆய்வகத்தில் ஜெயித்தவை மனிதத் தலையில் ஏன் தோற்கின்றன? காரணங்களில் ஒன்று அந்தப் புசுபுசு எலி. எலிக்கு ஆண் வழுக்கை என்ற ஒன்றே கிடையாது. அதன் முதுகில் முடியைச் சிரைத்துவிட்டு, சில சமயம் ஹார்மோனும் ஊசி போட்டு, சொட்டையை ஆய்வாளர்கள் உருவாக்குகிறார்கள். அதோடு, எலியின் முதுகு முடிகள் கூட்டமாக ஒரே நேரத்தில் ஓய்வெடுத்து, ஒரே நேரத்தில் வளரும். கொஞ்சம் உசுப்பினாலே மூன்று வாரத்தில் முதுகு நிறைந்துவிடும், போட்டோவும் அழகாக வரும். நம் தலையில் ஒவ்வொரு முடிக்கும் தனித்தனி கேலண்டர்.

2024-ல் இன்ஸ்டாவில் சுற்றிய 'சர்க்கரை ஜெல்' நினைவிருக்கிறதா? பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் பாகிஸ்தானின் காம்சாட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த நேர்மையான ஆய்வு அது. டி.என்.ஏ-வில் இருக்கும் ஒரு சர்க்கரையை ஜெல்லாகத் தடவியபோது, கிட்டத்தட்ட மினாக்சிடில் அளவுக்கு முடி வளர்ந்தது. எல்லாம் எலியில். ஆய்வாளர்கள் அதைத் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். ரீல்ஸில் வரும்போது எலி காணாமல் போய்விட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2022-ல் 'முடி உதிர்வுக்கு மாத்திரை, எஃப்.டி.ஏ. ஒப்புதல்' என்று வந்த செய்தி பாரிசிட்டினிப் பற்றியது. அது புழுவெட்டுக்கான மருந்து. புழுவெட்டில் நம் எதிர்ப்பு சக்தியே வேர்க்காலைத் தாக்குகிறது. ஏறுநெற்றிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சின்ன வெங்காயச் சாறுக்கும் இதே கதைதான். 2002-ல் ஈராக்கில் அதை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது உண்மை. அதுவும் புழுவெட்டுக்குத்தான். உச்சந்தலையில் வெங்காயம் தேய்த்தால் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகும், அவ்வளவுதான்.

முடியை நகலெடுக்க முடியுமா?

ஒரு வேர்க்காலை எடுத்து ஆய்வகத்தில் ஆயிரமாகப் பெருக்கித் தலையில் நட்டால் முடிந்தது வேலை, இல்லையா? 1999-ல் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் காலின் ஜஹோடா, தன் தலையில் இருந்து எடுத்த வேர்க்கால் செல்களைச் சக ஆய்வாளரான அமாண்டா ரெனால்ட்ஸின் முன்கையில் வைத்தார். முடி முளைத்தது! 'இன்னும் பத்து வருஷம்தான்' என்றார்கள். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

தடை எங்கே என்றால், ஆய்வகத் தட்டில் போட்டு வளர்த்ததும் இந்த செல்கள் 'நான் முடி செல்' என்பதையே மறந்துவிடுகின்றன. 2013-ல் ஜஹோடாவும் கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவும், செல்களைத் தட்டையாகப் பரப்பாமல் தொங்கும் சொட்டுகளில் உருண்டையாக வளர்த்தபோது, நினைவு ஓரளவு திரும்பியது. ஆனாலும், சரியான திசையில், சரியான நிறத்தில், பல வருடம் நிற்கும் முடியை வளர்த்துக் காட்டும் சிகிச்சை இன்னும் விற்பனைக்கு வரவில்லை. 'ஹேர் குளோனிங் செய்கிறோம்' என்று யாராவது போர்டு வைத்திருந்தால், அந்தத் தெருவிலிருந்து அப்படியே திரும்பிவிடுங்கள்.

அதுவரை என்ன செய்வது?

முதலில், உங்களுடையது மரபுவழி வழுக்கைதானா என்று தோல் மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். டெங்கு, கடுமையான காய்ச்சல், அவசர டயட் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக முடி கொட்டும். அது பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். அதற்கு ஆயுள்முழுக்க மருந்து தேவையில்லை.

பயோட்டின் கம்மிகளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின், தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டவைக்கும் என்று 2017-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.

முடி நடும் சிகிச்சை நிஜமாகவே பலன் தருவது. பின்தலை வேர்க்காலை முன்னால் நட்டாலும் அது தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது. ஆனால் பின்தலையில் இருக்கும் ஸ்டாக் குறைவு. 23 வயதில் முன்நெற்றியை நிரப்பச் செலவழித்துவிட்டால், 35-ல் நடுவில் விழும்போது எடுக்க முடி இருக்காது. அதனால்தான் நல்ல டாக்டர்கள், முதலில் மருந்தால் உதிர்வை நிறுத்தச் சொல்கிறார்கள். அது அறுவை சிகிச்சை என்பதையும் மறந்துவிடுகிறோம். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட ஓர் இளம் மருத்துவ மாணவர் உயிரிழந்தார். 2025-ல் கான்பூரில் இரண்டு இன்ஜினீயர்கள் இறந்த வழக்கு வெளியே வந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே, யூடியூப் பார்த்தோ வொர்க்‌ஷாப்பில் வேடிக்கை பார்த்தோ கற்றுக்கொண்டால் அது பயிற்சி ஆகாது என்று சொல்லியிருக்கிறது. 'ஒரு முடிக்கு இவ்வளவு ரூபாய்' என்று பேரம் பேசும் முன், கீறுவது யார், மயக்க மருந்து கொடுப்பது யார், அவசரமானால் எந்த ஆஸ்பத்திரி என்ற மூன்றையும் கேளுங்கள்.

மருந்தா, நடுவதா, இல்லை மொத்தமாக மொட்டை அடித்துத் தாடி வளர்ப்பதா என்பது உங்கள் இஷ்டம். மூன்றாவதும் நல்ல ஆப்ஷன்தான், செலவு ஒரு டிரிம்மர். மருந்து என்று முடிவெடுத்தால், இன்றே ஒரே வெளிச்சத்தில் முன்தலை, உச்சி இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த போட்டோ மூன்று மாதம் கழித்து. தினமும் கண்ணாடியில் தேட வேண்டாம். மினாக்சிடில் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி கிளம்புவதன் அறிகுறி அது. சரியாக அந்த நேரத்தில்தான் நிறைய பேர் பயந்துபோய் பாட்டிலைக் குப்பையில் போடுகிறார்கள். பலன் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல, குறைந்தது நான்கு முதல் ஆறு மாதம் ஆகும்.